அரைச் சாண் பச்சைத் துணி

போன வாரம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பி பிரிவுக்காரி ஒருத்தி அந்த பேட்ஜின் படத்தைப் போட்டாலும் போட்டாள், ஆளாளுக்குப் பரணையும் டிரங்குப் பெட்டியையும் கிளற ஆரம்பித்துவிட்டீர்கள். ஒருவர் அலுமினிய டம்ளரைப் போட்டார். பக்கவாட்டில் குத்தியிருந்த ‘சுதந்திர வெள்ளி விழா’வில் பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது. இன்னொருவர் காகிதமெல்லாம் உதிர்ந்து குச்சி மட்டும் மிஞ்சிய கொடியைப் போட்டு, “இதுவும் சரித்திரம்தான்” என்று எழுதினார். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அப்புறம்தான் நம் பழைய லீடர் கேட்டான்: “ஏ கேட்டு, ஏ பிரிவுக்கு வந்த பேட்ஜை வாங்கினவ நீதானே? எங்க உன்னோட படம்?”

ஐம்பது வருடம் கழித்தும் நான் ‘கேட்டு’தான். “தொலஞ்சு போச்சு” என்று பதில் போட்டேன். வரிசையாக அழுகிற முகங்களாக அனுப்பினீர்கள்.

அது தொலையவில்லை. யார் கையில் கொடுத்தேன், எங்கே நின்று கொடுத்தேன், அப்போது எந்த ரயில் போய்க்கொண்டிருந்தது என்பதுவரை எனக்குத் தெரியும். கைபேசியில் இரண்டு வரி தட்டி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் உங்களுக்கு இப்படி எழுதுகிறேன். எனக்கு எதையும் நிதானமாகச் சொல்ல வராது. வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கியவள் நான். இதிலும் அப்படித்தான் ஓடுவேன், கூடவே வாருங்கள்.

எங்கள் கேட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பொம்மிடி தாண்டி, அரூர் போகிற பஸ் தண்டவாளத்தைக் கடக்கிற இடம். பக்கத்திலேயே சுண்ணாம்பு அடித்த ஒற்றை அறை, அதுதான் எங்கள் வீடு. அப்பா கேட்மேன். அம்மா, நான், எனக்குப் பின்னால் மூன்று பேர். குடிதண்ணீர்கூட எங்களுக்கு ரயிலில்தான் வரும். எஞ்சின் டிரைவர்களில் ஒருவர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது இரண்டு நிலக்கரிக் கட்டிகளைத் தள்ளிவிட்டுப் போவார். தம்பி அதற்காகவே காத்திருப்பான். சட்டை, புத்தகம், சோறு எல்லாவற்றிலும் கரி வாசம். என் நோட்டை மோந்து பார்த்து, “ஏ கேட்டு, இன்னிக்கு ரயில உட்டியா, புடிச்சு வெச்சுட்டியா?” என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் சளைக்காமல், “உன்னைய ஏத்திக்கிட்டுப் போறதுக்குன்னு நிக்குது, போ” என்பேன்.

கேட்டுக்கு இரண்டு ஆள். அப்பா ஒருவர். பகலும் இரவுமாக அவரோடு மாற்றி மாற்றி வேலை பார்த்தவர் சித்தேரி மலைக்காரர். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். கேட் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலைக்குப் போய் வருவார். வரும்போது மடியில் நெல்லிக்காயோ, சாமை மாவோ இருக்கும். அப்பாவின் வேலை நிரந்தரம். மாமாவுக்கு இல்லை. தற்காலிக ஆள். ஆனால் அந்த வருடம் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது என்றும், விழா முடிந்ததும் ஆர்டர் வரும் என்றும் சொல்லியிருந்தார்கள். தினம் ஒரு தடவையாவது அந்தப் பேச்சு வந்துவிடும்.

“ஆர்டரு கைக்கு வரட்டும் புள்ள. எங்க வூட்டு ஆளுங்கள கீழ கூட்டியாந்துருவேன். எம் புள்ளைய உங்க பள்ளிக்கூடத்துலதான் சேக்கப்போறேன். நீதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவணும்.”

“அது என்னை மாதிரி வாயாடியா மாமா?”

“வாயே தொறக்காது. உங்கூட ரெண்டு நாள் வந்துச்சுன்னா தொறந்துரும்.”

அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. மலையில் அவர்கள் இருந்த பக்கம் பள்ளிக்கூடம் இல்லை.

இனி கொடிகளைச் சொல்ல வேண்டும். கேட்டுக்குச் சிவப்புக் கொடி இரண்டு, பச்சை ஒன்று. ரயில் வரும்போது சிவப்பையும் பச்சையையும் சுருட்டியபடியே கையில் பிடித்துக்கொண்டு அப்பா விறைப்பாக நிற்பார். எங்கள் கேட்டில் பச்சையை விரித்து நான் பார்த்ததே இல்லை. வேலை மாற்றிக்கொள்ளும்போது ஒருவர் கொடி, விளக்கு, சங்கிலி எல்லாவற்றையும் எடுத்து நீட்டுவார், மற்றவர் வாங்கிக்கொள்வார். புத்தகத்தில் ‘சாமான் எல்லாம் சரி’ என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போடுவார். மாமா கட்டைவிரலை மையில் ஒற்றுவார். கொடிகளைச் சுருட்டியபடியே கொடுத்து, சுருட்டியபடியே வாங்குவதுதான் வழக்கம். கொடுத்தவன் முன்னாலேயே அதை விரித்துப் பார்த்தால், உன்மேல் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது போல. அவ்வளவு மரியாதை இருவருக்கும் நடுவில்.

எழுபத்திரண்டு ஆகஸ்டு. நம் ஹெட்மாஸ்டர் பிரேயரில் சொன்னது நினைவிருக்கிறதா? சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருடம். எல்லாருக்கும் மிட்டாய், டம்ளர் உண்டு. பேட்ஜ் மட்டும் வகுப்புக்கு ஒன்றுதான் வந்திருக்கிறது. ஆகவே யார் தன் கையாலேயே துணியில் மிக நல்ல தேசியக் கொடி தைத்து வருகிறார்களோ, அவர்களுக்கு. கடைக் கொடி கூடாது, காகிதம் கூடாது. சொல்லிவிட்டு பேட்ஜை உயர்த்திக் காட்டினார். வட்டத் தகரம். ஓரத்தில் மூன்று நிறம், நடுவில் இருபத்தைந்து என்ற எண். வெயில் பட்டு அது மின்னியதும், முன்வரிசையில் நின்ற நான் நுனிக்காலில் எம்பினேன். எனக்கு அது வேண்டும். வேறு எதையும் அப்படி நான் அதற்கு முன்னால் வேண்டியதில்லை.

காவிக்கு என் பழைய பாவாடை இருந்தது. வெள்ளைக்கு அப்பாவின் கிழிந்த வேட்டி. பச்சைக்கு வீட்டில் ஒரு நூல்கூட இல்லை. அவரை இலையைக் கசக்கித் துணியில் தேய்த்தேன். ஈரமாக இருக்கும்வரை பச்சை. காய்ந்ததும் மாட்டுச் சாணம். அம்மா பார்த்துவிட்டு, “நல்லா மெழுகு, தரைக்கு ஆவும்” என்றாள்.

மறுநாள் கேட் அறையில் மாமாவுக்குச் சோறு கொண்டுபோய் வைத்தேன். அவர் கிணற்றுப் பக்கம் போயிருந்தார். மூலையில் கொடிகள் சாய்ந்திருந்தன. பச்சை புதுசு, போன மாதம்தான் வந்தது. விரித்துப் பார்த்தேன். அப்படி ஒரு பச்சை!

நான் யோசிக்காமல் செய்யவில்லை. நன்றாக யோசித்தேன். சிவப்புதான் முக்கியம், அது இல்லாவிட்டால் ரயிலை நிறுத்த முடியாது, ஆள் சாவார்கள். பச்சை எதற்கு? காட்டாவிட்டாலும் ரயில் போகத்தானே போகிறது? அதுவும் அதை யாரும் விரிப்பதே இல்லை. சுருட்டிவிட்டால் முழுசும் ஒன்றுதான், முக்காலும் ஒன்றுதான். பத்து வயதில் எனக்கு இது கணக்கு வாத்தியாரே மெச்சுகிற தீர்வாகப் பட்டது. ஓடிப்போய்க் கத்தரிக்கோலையும் ஊசி நூலையும் எடுத்து வந்து, ஓரத்தில் அரைச் சாண் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டினேன். நூல் பிரியுமே என்று, வெட்டின விளிம்பை மடித்து வெள்ளை நூலால் ஓட்டுத்தையலும் போட்டேன். தையல் வகுப்பில் எனக்குத்தான் எப்போதும் முதல் மார்க். சின்னச் சின்னதாக, எறும்பு வரிசை போல இருக்கும். சுருட்டி, இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தேன்.

“பச்சை எங்கடி கெடைச்சுது?” என்று அம்மா கேட்டாள்.

“டெய்லர் கடை வெட்டுத்துணிம்மா.”

பதினைந்தாம் தேதி காலையில் நாம் எல்லாரும் ஊர்வலம் போனோம். மைதா பசை வாசம் அடிக்கிற காகிதத் தோரணங்கள், வெயிலில் கையோடு ஒட்டிக்கொண்ட ஆரஞ்சு மிட்டாய், பாட்டு டீச்சரின் கட்டைக் குரல். என் கொடியை டீச்சர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தப் பச்சை எப்படி இவ்ளோ பளிச்சுனு இருக்கு?”

டீச்சரிடம் பொய் சொல்ல வரவில்லை. “எங்கப்பா கேட்டுக் கொடியில கொஞ்சூண்டு வெட்டினேன் டீச்சர்.”

அவர் பக்கத்து டீச்சரிடம் சொல்லிச் சிரித்தார். “கேட்டியாக்கா இத? கவர்மென்டுத் துணி கவர்மென்டு கொடிக்கே வந்து சேந்துருச்சாம்!” இரண்டு பேரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். அன்றைக்கு அவர் மட்டும் ‘அய்யய்யோ’ என்றிருந்தால், நான் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். பச்சையைத் திரும்பத் தைத்தாவது வைத்திருப்பேன். அவரைக் குறை சொல்லவில்லை. விழா நாளில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்?

பேட்ஜை ஹெட்மாஸ்டர் என் சட்டையின் இடப்பக்கம் குத்தினார். ஊசி லேசாகத் தோலில் பட்டது. நீங்கள் கை தட்டினீர்கள்.

வீட்டுக்குப் பறந்து வந்தால், அப்பா கேட்டில் நிற்கிறார். விழாவுக்காக வாழைக்கன்றும் தோரணமும் கட்டிய எஞ்சின் ஒன்று வரப்போகிறதாம். பஸ், மாட்டுவண்டி, சைக்கிள்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கு இந்தப் பக்கம். “கேட்மேனே, இன்னிக்காச்சும் கொடிய விரிச்சு ஆட்டுய்யா! நாட்டுக்கே திருவிழா!” என்று பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் கத்தினார். அப்பா கையிலிருந்த பச்சையைப் பார்த்தார். அவர் விரல் கொடியின் கட்டுக்குப் போனது, பிறகு என்ன நினைத்தாரோ, சுருட்டியபடியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நிமிர்ந்து நின்றார். எஞ்சின் கூவிக்கொண்டு போனது. மூச்சு விட்டேன். தப்பித்தேன் என்று நினைத்தேன் பாருங்கள்.

சாயங்காலம் மாமாவிடம் பேட்ஜைக் காட்டினேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். உள்ளங்கையில் வைத்து, வாயால் ஊதி, மறுபடி துடைத்தார்.

“எம் புள்ளைக்கு ஒண்ணு கெடைக்குமா, கேட்டுப் பாக்கறயா?”

“வகுப்புக்கு ஒண்ணுதான் மாமா.”

“அது சரி. அது எந்த வகுப்புலயும் இல்லையே” என்று சிரித்துவிட்டுக் கொடுத்தார். “அடுத்த தடவ குடுக்கறப்போ அதும் இருக்கும்.”

ஒரு வாரம் போயிருக்கும். சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். பாதையைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் தண்டவாள டிராலியில் வந்தார். நான்கு பேர் தள்ளிக்கொண்டு வருவார்களே, குடை கட்டின டிராலி, அது. பகல் வேலை மாமாவுடையது. விளக்கைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், சிவப்பை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “பச்சை” என்றார்.

மாமா விரித்தார்.

“என்னய்யா இது? மீதி எங்க?”

மாமா கொடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். “தெரியலீங்க சாமி. சுருட்டினாப்பல வாங்குனேன், சுருட்டினாப்பலயே வெச்சிருந்தேன்.”

“கோமணத்துக்குக் கிழிச்சுக்கிட்டியா?”

டிராலி தள்ளுகிறவர்களில் ஒருவர் சும்மா இருக்கவில்லை. “பச்சைக் கோமணம்னா மலைல சௌகரியங்கய்யா. எலையோட எலையாப் போயிரும், ஆளே தெரியாது.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அய்யா தமாஷ் பண்ணுகிறார், அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்தின பிறகும் மாமா முகத்தில் அது கொஞ்ச நேரம் நின்றது.

இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பிக் கூட்டி வந்தார்கள். அம்மா இன்ஸ்பெக்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள், அந்தக் கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த என் பரிசுக் கொடியைக் கழற்றுவது ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது.

“காலைல நீ குடுக்கும்போது கொடி எப்படி இருந்தது?” என்று இன்ஸ்பெக்டர் அப்பாவிடம் கேட்டார்.

அப்பா கொடியைக் கையில் வாங்கினார். அவருடைய கட்டைவிரல் அந்த வெள்ளைத் தையல்மேல் போனது. எறும்பு வரிசை போல, சின்னச் சின்னதாக. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய், திரும்பி வந்தது. அன்றைக்கு அவர் போட்டிருந்த காக்கிச் சட்டையின் பைக்கிழிசலை நான்தான் தைத்திருந்தேன். அதே தையல். அவர் நெஞ்சின்மேலேயே இருந்தது.

“நான் குடுக்கறப்போ நல்லாத்தாங்க இருந்துது” என்றார்.

‘விரித்துப் பார்க்கவில்லை’ என்று சொன்னால், பார்க்காமல் கையெழுத்துப் போட்ட குற்றம். ‘என் பெண் வெட்டினாள்’ என்றால் அதைவிட மேல். வேலையோடு அந்த ஒற்றை அறையும் போகும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான், அப்பா பொய் சொல்கிறார்.

இன்ஸ்பெக்டர் மாமாவிடம் புத்தகத்தைக் காட்டினார். “நல்ல கொடியை வாங்கிக்கிட்டேன்னு கைநாட்டு வெச்சிருக்கே. இது உன் விரல்தானே?”

மாமா குனிந்து தன் ரேகையைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலைப் பார்த்தார். “என் வெரலுதானுங்க சாமி” என்றார். அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் அந்த மரியாதைதான் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் அப்பா விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அப்பா, அந்தக் கொடிய வந்து...”

“தெரியும்.”

“மாமா வெட்டல. நான் போய்ச் சொல்லட்டா?”

அவர் புனலை எடுத்து ஓரமாக வைத்தார். “நீ சொல்லல. நான் கேக்கல.”

“மாமாவுக்கு ஆர்டரு வராதாப்பா?”

அம்மா அடுப்படியிலிருந்து, “நாலு புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு நாங்க எங்கடி போறது? வாய மூடிக்கிட்டு உள்ள வா” என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெந்நீர் அடுப்பில் என் பரிசுக் கொடி எரிந்துகொண்டிருந்தது. காவி முதலில் சுருண்டது. பச்சை மட்டும் சீக்கிரம் பிடிக்கவில்லை.

பேட்ஜை அம்மா கேட்கவில்லை. அதை அவள் மறந்துபோயிருப்பாள், அல்லது அதற்குமேல் என்னிடமிருந்து எதையும் எடுக்க மனம் வரவில்லை.

நான் சும்மா இருக்கிறவளா? இரண்டு நாள் கழித்து டிராலி அதே வழியாகத் திரும்பி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். பையை எறிந்துவிட்டுத் தண்டவாளத்தின் பக்கத்துச் சரளையில் ஓடினேன். “சார்! சார்! நான்தான் வெட்டினேன்! மாமா இல்ல, நான்தான்!” இறக்கமான இடம். தள்ளுகிறவர்களும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், சக்கரச் சத்தம் வேறு. குடைக்குக் கீழேயிருந்து இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். என் சட்டையில் பேட்ஜ் இருந்தது. அதைப் பார்த்திருக்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பாக நெற்றியில் கை வைத்து, “ஜெய்ஹிந்த்!” என்றார். தள்ளுகிற நான்கு பேரும் கையை ஆட்டினார்கள். வளைவு திரும்பும்வரை ஆட்டிக்கொண்டே போனார்கள்.

கல் குத்தி முழங்கால் சிராய்ந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுகை ஓய்ந்ததும் எழுந்து, எறிந்த பையைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

மாமாவின் பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று தகவல் வந்த அன்றைக்கும் அப்பாவோடு உட்கார்ந்து பீடி பிடித்தார். “எந்தப் பயலோ நான் கெணத்துக்குப் போனப்போ வந்து வெட்டிட்டான்ணா. ரூம தொறந்து போட்டது என் தப்புதான்.” அப்பா தீக்குச்சியைக் கிழித்துக் கொடுத்தார். அது அவர் பீடிவரை போவதற்குள் அணைந்தது. இன்னொன்று கிழித்தார்.

மறுநாள் மத்தியானம் அரூர் பஸ் வந்தது. சரியாக அந்த நேரம் பாசஞ்சர் ரயிலுக்கு அப்பா கேட்டைப் போட்டிருந்தார். பஸ் நின்றது. மாமா ஊருக்குள் போய் பஸ் ஏறியிருந்தார். எங்கள் கேட்டிலேயே ஏறியிருக்கலாம். ஏன் அவ்வளவு தூரம் நடந்தார் என்று தெரியவில்லை. பின்வாசல் படியில் நின்றுகொண்டிருந்தார், கக்கத்தில் ஒரு மூட்டை. அரூரில் இறங்கி மலையடிவாரம்வரை போய், அங்கிருந்து நடந்தே ஏற வேண்டும்.

டிராலி சிரித்துவிட்டுப் போன நாளிலிருந்து நான் பேட்ஜைக் குத்துவதில்லை. பாவாடை முடிச்சில் வைத்திருந்தேன். ஓடிப்போய்ப் படிக்கட்டருகே நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. வாயைத் திறந்தால் எதிரே அப்பா. கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இன்ஸ்பெக்டர் உத்தரவுப்படி இப்போது பச்சைக் கொடியை விரித்தே பிடிக்க வேண்டும். புதுக் கொடி, முழுக் கொடி, காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அவர் ரயில் வருகிற திசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிச்சை அவிழ்த்து பேட்ஜை நீட்டினேன். “உங்க புள்ளைக்கு மாமா.”

“அட, இது உன் பரிசாச்சே. கொடி அவ்ளோ நல்லா தெச்சிருந்தியாமே? உங்கம்மா சொல்லுச்சு.”

தலையை ஆட்டினேன்.

“வேணாம் புள்ள. உனக்குன்னு குடுத்தது.”

“எடுத்துக்குங்க மாமா.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாசஞ்சர் வந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள். பெட்டி பெட்டியாக, கரிப்புகையாக, எங்கள்மேல் சூடான காற்றை அடித்துக்கொண்டு போனது.

இதுதான் விஷயம். பிற்பாடு நான் டீச்சராகி, ஒரு தேர்தலுக்கு வேலை போட்டு சித்தேரிக்கு அனுப்பினார்கள். இப்போது மலைமேல் பஸ்ஸே போகிறது. வரிசையில் வந்த ஒவ்வொரு பெண்ணின் ரவிக்கையையும் பார்த்தேன், எவளாவது அந்தத் தகரத்தைக் குத்தியிருப்பாளா என்று. பைத்தியக்காரத்தனம். வாக்காளர் பட்டியல் முழுக்கக் கையில் இருந்தது. அதில் அவரைத் தேட எனக்கு அவர் பெயர் தெரியாது. மாமா, மலைக்காரன், அப்புறம் அன்றைக்கு டிராலிக்காரர்கள் கேலியாக ஒட்டிவிட்ட அந்தப் ‘பச்சைக் கோமணம்’. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அந்தக் கட்டைவிரல் ரேகைகள் இருந்த புத்தகத்தை எந்தக் கரையான் தின்றதோ.

அதனால்தான் உங்களிடம் தொலைந்துவிட்டது என்றேன்.

அன்றைக்கு ரயில் போனதும் அப்பா கொடியை இறக்கிவிட்டு, கேட்டைத் திறக்க வந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். மாமா மூட்டையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பேட்ஜைத் தன் சட்டையிலேயே குத்திக்கொண்டிருந்தார். மலைக்குப் போகும்வரை பத்திரமாக இருக்குமாம். கைக்கு ஊசி அடங்கவில்லை, இரண்டு மூன்று தடவை முயற்சி செய்தார். பிறகு குனிந்து நெஞ்சைக் காட்டினார்.

“நேரா இருக்குதா பாரு புள்ள.”

கொஞ்சம் சாய்ந்திருந்தது. எட்டி நேராக்கினேன். அப்பா கேட்டைத் தூக்கினார்.